வலிக்கு யார் சாட்சி?

கி.பி. 868ல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டில் ஓர் அரசகுலத் திருமணம் நடந்தது. மணமகன் வெஸ்ஸெக்ஸ் நாட்டு இளவரசர் ஆல்ஃபிரட், இருபது வயதை எட்டிக்கொண்டிருந்தவர். விருந்து பகலும் இரவுமாக நீண்டது. அத்தனை பேர் நடுவில் திடீரென்று அவரை ஒரு கொடிய வலி பிடித்தது. இன்ன நோய் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியவில்லை. அன்று பிடித்தது 45 வயதிலும் விட்டபாடில்லை. 871ல் முடிசூடியது, டேனியப் படைகளிடம் நாட்டை ஏறக்குறைய இழந்தது, 878ல் எடிங்டன் போரில் அதை மீட்டது, லத்தீன் நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் செய்தது எல்லாம் இந்த வலியைச் சுமந்தபடிதான்.

இதை எழுதிவைத்தவர் அஸ்ஸர் என்ற வேல்ஸ் நாட்டுத் துறவி. அரசரோடு நெருங்கிப் பழகியவர். 893ல், அரசர் உயிரோடிருக்கும்போதே, அவரது வரலாற்றை எழுதினார். திருமணத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னதையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் வைத்த சூனியம் என்றார்கள் சிலர். நல்லவரைக் கண்டு பொறாத சாத்தானின் வேலை என்றார்கள் வேறு சிலர். இதுவரை காணாத ஏதோ ஒரு காய்ச்சல் என்றும் பேச்சு. சின்ன வயதிலேயே அவருக்கு இருந்த மூலம்தான் இது என்று சொன்னவர்களும் உண்டு.

மூலத்துக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. இளமையில் உடல் இச்சைக்கு அஞ்சிய ஆல்ஃபிரட், தன்னைக் கட்டுக்குள் வைக்க ஒரு நோய் தரும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டாராம். உலக காரியத்துக்கு உதவாதவனாகிவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூலம் வந்தது. தாங்க முடியாமல் போனபோது, கார்ன்வால் பகுதியில் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு புனிதரின் ஆலயத்தில் விழுந்து கிடந்து, இதைவிட இலேசான, வெளியே தெரியாத ஒன்றை மாற்றித் தரும்படி கேட்டார். மூலம் நீங்கியது. பிறகு திருமண நாளில் அந்தப் பெயர் தெரியாத வலி வந்து சேர்ந்தது.

1991ல் க்ரெய்க் என்ற மருத்துவர் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழில் இந்தக் குறிப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். இளவயதில் ஆசனவாய்க் கோளாறு, இருபதை ஒட்டித் தொடங்கி வந்து வந்து போகும் கடும் வலி, பல பத்தாண்டுகள் நீண்ட உபாதை. கிரோன் நோயாக இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார். உறுதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வலி உடம்பில் எங்கே இருந்தது என்பதைக்கூட அஸ்ஸர் எழுதவில்லை. ஆனாலும், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவரால் அந்த ஏட்டை வைத்துக்கொண்டு யோசிக்க முடிந்தது. அஸ்ஸர் சொன்ன சமய விளக்கம் அதற்கு உதவவில்லை. எந்த வயதில் தொடங்கியது, எப்படி வந்தது, இடையில் விட்டதா, விட்டிருந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய வரிகள்தான் உதவின. வலி இல்லாத ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அது திரும்ப வந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே அரசர் ஒடுங்கிக் கிடப்பார் என்று அஸ்ஸர் எழுதியிருக்கிறார். நீண்டகாலக் குடல் அழற்சியோடு வாழ்பவர்கள் இன்றைக்கும் இதையேதான் சொல்கிறார்கள்.

நோயை என்னவென்று பார்ப்பதற்கு முன்பே அது ஏன் வந்தது என்று கேட்டுவிடுவது மனிதருக்குப் பழக்கம். 'எனக்கு என்ன ஆகிறது' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'என்ன பாவம் செய்தேன்' என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. வயிற்று நோய்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். கை ஒடிந்தால் யாரும் பாவக் கணக்குப் பார்ப்பதில்லை. குடல் உள்ளே மறைந்திருக்கிறது. அதன் கோளாறு மலத்திலும் ரத்தத்திலும் வெளிப்படுகிறது. சொல்ல வாய் கூசும், கேட்க முகம் சுளிக்கும். இந்தக் கூச்சமும் அருவருப்பும் சேர்ந்த இடத்தில் தெய்வத் தண்டனை என்ற எண்ணம் சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பழைய ஏடுகளில் இதற்குச் சான்று நிறைய உண்டு. விவிலியத்தின் இரண்டாம் நாளாகமம் 21ஆம் அதிகாரத்தில் யூதா நாட்டு அரசன் யோராம் வருகிறான். சிங்காசனம் ஏறியபின் உடன்பிறந்தவர்களைக் கொன்றவன். தீர்க்கதரிசி எலியாவிடமிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதில் சொன்னபடியே குடல் நோய் கண்டு இரண்டு ஆண்டுகள் வதைபட்டுச் சாகிறான். அவனுக்காக வருந்த ஒருவரும் இல்லை. கி.பி. 336ல் கான்ஸ்டான்டிநோப்பிளில் இறந்த ஆரியஸ் கதையும் அப்படித்தான். கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றி மாறுபட்ட கருத்துச் சொன்னதற்காகத் திருச்சபை ஒதுக்கிவைத்த பாதிரியார் அவர். மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்படவிருந்த தறுவாயில், நகரின் நடுவே பொதுக் கழிப்பிடத்தில் குடல் சரிந்து இறந்தார் என்று எதிர்த்தரப்பு எழுதிவைத்தது. வழியில் போகிறவர்கள் அந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டுவார்கள் என்று சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் அடுத்த நூற்றாண்டில் எழுதினார். ஒரு மனிதரின் கடைசி வலியைக் கொள்கை வாதத்துக்குச் சான்றாக்கியாயிற்று. அந்த மனிதருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று கேட்க எவருக்கும் மனம் வரவில்லை.

தமிழரிடம் இதைவிட ஆழமான ஒரு வரலாறு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரின் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றார். அங்கே அவரைச் சூலை பிடித்தது. கடலடித் தீயும் நஞ்சும் இடியும் ஒன்றாகத் திரண்டு குடலுக்குள் குடைந்தது போல என்று சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் எழுதினார். உடனிருந்த சமணர்கள் மந்திரித்த நீர் கொடுத்துப் பார்த்தார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்த்தார்கள், முடியாமல் விட்டுவிட்டார்கள். இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய்த் தமக்கை திலகவதியாரின் காலில் விழுந்தார். தமக்கை திருநீறு கொடுத்து வீரட்டானக் கோயிலுக்கு அழைத்துப்போக, அங்கே முதல் பதிகம் பிறந்தது. சூலை தீர்ந்தது. திருநாவுக்கரசர் என்ற பெயர் வந்தது.

சைவ மரபு இந்தச் சூலையைத் தண்டனையாகப் பார்க்கவில்லை. தம்பிக்காகத் திலகவதியார் அழுது வேண்டியதற்கு இறைவன் தந்த பதில் அது, ஆட்கொள்ளும் வழி அது என்று பார்க்கிறது. அந்த நம்பிக்கையின் கனத்தை யாரும் குறைத்துவிட முடியாது. ஆனால் அந்தப் பதிகத்தைப் பாடியவர் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். செய்த கொடுமைகள் பலவாக இருக்கலாம், அவை எவை என்றே தனக்குத் தெரியவில்லை என்கிறார் நாவுக்கரசர். வலி குடலை முறுக்குகிறது. எந்தக் குற்றத்துக்கு என்று தேடிப் பார்க்கிறார். கையில் ஒன்றும் அகப்படவில்லை. நோயுற்ற ஒருவரின் தனிமையை இதைவிட நேர்மையாகச் சொல்லிவிட முடியாது. தேடிக் கிடைக்காத அந்தக் குற்றத்தைச் சுற்றியிருப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துத் தருவதுதான் கொடுமை. "குலதெய்வத்துக்கு நேர்ந்தது பாக்கி", "ராகு திசை நடக்கிறது", "வீட்டுக்கு வந்த பெண்ணால் வந்த வினை" என்று பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தும் புது மருமகளைப் பார்த்தும் சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பரிகாரம் செய்து முடிப்பதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்கிறது.

அந்தக் குடலில் நடப்பது என்ன என்பதை மருத்துவம் மெதுவாகவே கண்டுகொண்டது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் 1913ல் சில நோயாளிகளின் குடல் தடித்து, விறைத்து, சுருங்கியிருப்பதைக் கண்டு எழுதினார். உலகப் போர் வந்தது. அந்தக் கட்டுரை மறக்கப்பட்டது. 1932ல் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவமனையிலிருந்து பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதியபோதுதான் நோய்க்கு முகவரி கிடைத்தது. ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் இருந்ததால் கிரோன் முதலில் வந்தார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. அதற்கு முன்பு அதே நோயாளிகளில் பலருக்குக் காசநோய் என்றோ குடல்வால் அழற்சி என்றோதான் பெயர் வைத்திருப்பார்கள்.

இந்த வகைக் குடல் அழற்சி நோய் இரண்டு. கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் அதற்குப் பிடித்தமான இடம். குடல் சுவரின் முழுத் தடிமனையும் அது தாக்கும். அதனால்தான் சுருக்கமும், சீழ்க்கட்டியும், புரையோடிய வழிகளும் உண்டாகின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்பூச்சில் மட்டும் புண்ணாகப் படர்வது. மலக்குடலில் தொடங்கி மேலேறும். இரண்டிலும் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் குடலையே ஓயாமல் தாக்கிக்கொண்டிருக்கிறது. 2001ல் நாட்2 என்ற மரபணுவுக்கும் கிரோன் நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. குடலில் வாழும் கிருமிகளுக்கும் உணவுக்கும் சூழலுக்கும் பங்கு இருக்கிறது. புகைபிடித்தல் கிரோன் நோயை மோசமாக்குகிறது. முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஒழுக்கக் குறைவு அந்தக் காரணங்களில் இல்லை என்பது மட்டும் பிடிபட்டாயிற்று.

நோய் பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் தலைகாட்டுகிறது. படிப்பு, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை வேகமெடுக்கும் பருவம். முதலில் வயிற்றுப்போக்கு. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார்கள். கிருமியால் வரும் பேதி சில நாளில் அடங்கிவிடும். நான்கு வாரத்தைத் தாண்டியும் தொடர்கிற வயிற்றுப்போக்கை அப்படி விட்டுவிடக் கூடாது. நடுராத்திரியில் தூக்கத்தைக் கலைத்துக் கழிப்பறைக்கு எழுப்புகிறதா என்பது மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்வி. ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவெல் சிண்ட்ரோம்) என்று எல்லோரும் சொல்லும் உபாதையும் வயிற்றை முறுக்கும், பகலெல்லாம் அலைக்கழிக்கும். ஆனால் அது பொதுவாகத் தூங்குகிறவரை எழுப்புவதில்லை, ரத்தத்தைக் கொண்டுவருவதில்லை, எடையைக் குறைப்பதில்லை.

ரத்தம்தான் பெரிய அடையாளம். அதையே பலர் மறைக்கிறார்கள். மலத்தோடு ரத்தமும் சளியும் போனால் 'சீதபேதி' என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும், ரத்தம் மட்டும் கண்டால் 'மூலம்', 'உடம்புச் சூடு' என்று சொல்லி மோரும் வெந்தயமும் குடிப்பதும் ஊரெங்கும் நடப்பது. மூலமாக இருக்கவும் கூடும். அதைப் பரிசோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்லக் கூடாது. போய் வந்த பிறகும் இன்னும் இருப்பது போன்ற கடுப்பு, வந்துவிட்டால் ஒரு நிமிடம் பொறுக்க முடியாத அவசரம், அடிவயிற்றில் வலப்பக்கம் சாப்பிட்டதும் கிளம்பும் வலி, மாலையில் இலேசான காய்ச்சல், காரணமில்லாமல் தளர்கிற பாவாடை நாடாவும் பெல்ட்டும், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி என்று அடையாளங்கள் தொடர்ந்து வரும். ஆசனவாய் அருகே திரும்பத் திரும்பக் கட்டி வந்து உடைவது, பவுத்திரம் ஆறாமல் இருப்பது ஆகியவை கிரோன் நோயின் முதல் அறிகுறியாகவே இருக்கலாம்.

குடலுக்கு வெளியேயும் நோய் பேசும். வாயில் அடிக்கடி புண், முழங்காலிலோ கணுக்காலிலோ வீக்கம், கண் சிவந்து வலிப்பது, கணைக்காலின் முன்புறம் தொட்டால் வலிக்கும் செந்நிறத் தடிப்புகள். கண் மருத்துவர், எலும்பு மருத்துவர், தோல் மருத்துவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு போய்ச் சேரும். வயிற்றுக் கதையை நோயாளி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழாமலே, வளர்த்தி நின்றுபோவதும் வயதுக்கு வருவது தள்ளிப்போவதும் மட்டுமே தெரிகிற பிள்ளைகள் உண்டு.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே அதே இடத்தில், அதே வலியோடு, அதே எடைக் குறைவோடு வரும். கொலனோஸ்கோப்பியில் பார்த்தாலும், பயாப்ஸி எடுத்தாலும் சில நேரம் பிரித்தறிவது கடினம். காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மாதம் கழித்துப் புண் ஆறியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தவறினால் ஆபத்து பெரிது: கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயைக் கிளப்பிவிடும். மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவு, ரத்தத்தில் ஹீமோகுளோபினும் சி.ஆர்.பி.யும் போன்ற எளிய சோதனைகள் குடலில் அழற்சி இருக்கிறது என்ற சந்தேகத்தை வலுப்படுத்த முதலில் உதவுகின்றன. நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தப்போக்கும் அதோடு காய்ச்சலோ நாடி வேகமோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955ல் கார்ட்டிசோன் மருந்தைச் சோதித்தபோது வகுத்த அளவுகோல் அது, இன்றும் பயன்படுகிறது.

சமயம் கைவிட்ட பிறகும் குற்றம் தேடும் பழக்கம் போய்விடவில்லை. அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தது. 1930ல் நியூயார்க்கில் செசில் மரே என்பவர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மனச்சிக்கலால் வருகிறது என்று எழுதினார். புடாபெஸ்ட்டில் பிறந்து பின்னர் சிகாகோ வந்த உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் 1950ல் எழுதிய நூல் மனத்திலிருந்து பிறப்பவையாகப் பேசிய ஏழு நோய்களில் இதையும் சேர்த்தது. தாயை விட்டுப் பிரியாதவர்கள், முதிர்ச்சியில்லாதவர்கள், கோபத்தை விழுங்குகிறவர்கள் என்று நோயாளிகளுக்குச் சுபாவம் எழுதப்பட்டது. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தவர்களைப் படுக்கவைத்துக் குழந்தைப் பருவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனஅழுத்தம் நோயைக் கிளப்பிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் இன்ன குணம் உள்ளவருக்கு இந்த நோய் வரும் என்ற கூற்று நிற்கவில்லை. ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு வாதத்துக்கென்று முயன்ற சல்ஃபாசலசின், ஸ்டீராய்டு, 1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் என மருந்துகள் வந்தபோது, குணம் மாறாமலே பலருக்கு நோய் அடங்கியது. பாவம் என்று சொன்ன ஊர்க்காரரும் 'டென்ஷன்தான் காரணம்' என்று சொன்ன நிபுணரும் நோயாளிக்குச் செய்தது ஒன்றுதான்: அவர் சொல்வதைக் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதினார்கள்.

இந்த இடத்தில் புத்தர் மிகத் தெளிவாக நிற்கிறார். சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற பரிவிராஜகன் (ஊர் ஊராக அலையும் துறவி) அவரிடம் வந்து, மனிதர் அடைகிற இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால் வருவதுதான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா என்று கேட்கிறான். புத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால், வாதத்தால், மூன்றும் கூடுவதால், பருவ மாற்றத்தால், உடம்பைச் சரிவரப் பேணாததால், அடிபடுவதால் வருவதும் உண்டு. வினையால் வருவதும் உண்டு என்று எட்டுக் காரணம் சொல்கிறார். எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுகிறவர்கள், தாங்களே அனுபவத்தில் அறிந்ததையும் உலகம் உண்மையென்று ஏற்றதையும் மீறிப் போகிறார்கள் என்கிறார். வினைக் கொள்கையை ஏற்ற ஒருவரே அதற்கு எல்லை கட்டியது பெரிய காரியம்.

கடைசி நாட்களில் கொல்லர் சுந்தன் வீட்டு உணவுக்குப் பின் அவருக்கே ரத்தபேதி கண்டது. படுத்த படுக்கையிலும் அவர் ஆனந்தரிடம் சொன்ன விஷயங்களில் ஒன்று, சுந்தன் மனத்தில் குற்ற உணர்ச்சி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சி இன்னும் நேரடியானது. வயிற்று நோய் கண்ட ஒரு பிக்கு தன் மலசலத்திலேயே புரண்டு கிடக்கிறார். அவரால் மற்றவர்களுக்கு உபயோகம் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட, தலைமாட்டை ஒருவரும் கால்மாட்டை ஒருவரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டி, தாயும் தகப்பனும் இங்கே இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று கேட்கிறார். தனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. நல்ல நோயாளிக்கும் நல்ல பணியாளருக்கும் இலக்கணம் வகுக்கிறார். பணியாளர், மலத்தையும் வாந்தியையும் எடுத்துப் போட அருவருப்படையாதவராக இருக்க வேண்டும். நோயாளி, நோயை உள்ளபடி சொல்ல வேண்டும்: கூடினால் கூடுகிறது என்றும் குறைந்தால் குறைகிறது என்றும் இருந்தபடியே இருந்தால் அப்படியே இருக்கிறது என்றும். அஸ்ஸரின் ஏட்டில் எஞ்சியது போன்ற சாட்சியத்தை, பெருமை சிறுமை கலக்காமல், கடமையாகவே கேட்கிறது இந்த விதி.

சொல்வது சுலபமில்லை. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பதின்பருவத்திலேயே வந்தது. பதவியேற்ற ஓராண்டுக்குள், 2007ல் திடீரென்று விலகியபோது, நாட்டுக்குச் சொன்ன காரணங்களில் அவர் நோயைச் சேர்க்கவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கேலியும் வசையும் நிறையக் கேட்டார். புது மருந்து கிடைத்து நோய் அடங்க, 2012ல் திரும்பி வந்து ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தார். 2020 ஆகஸ்டில் நோய் மறுபடியும் தலைதூக்கியபோது, அதன் பெயரைச் சொல்லியே விடைபெற்றார். அவருடைய முதல் மௌனத்துக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கேட்பவர்கள் சிரிக்காமல் இருந்தால்தான் சொல்கிறவருக்கு வாய் திறக்கும்.

கேட்பவரின் பக்கத்தை யூத மரபு சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. பாவ மன்னிப்பு நாளில் ஒரு யூதர் 25 மணி நேரம் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. நோயாளிக்கு எப்போது உணவு கொடுக்கலாம் என்று மிஷ்னா தொகுப்பின் யோமா பகுதி பேசுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் கொடுக்க வேண்டும்; அப்படி யாரும் அங்கே இல்லையென்றால் நோயாளியின் வாய்ச்சொல் போதும், அவர் போதும் என்று சொல்லும்வரை கொடுக்க வேண்டும். பின்வந்த தல்மூத் உரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நோயாளி தனக்கு உணவு வேண்டும் என்கிறார், வைத்தியர் வேண்டாம் என்கிறார். அப்போது நோயாளியின் சொல்லையே கேட்க வேண்டும். எதிரே நூறு பேர் நின்று மறுத்தாலும் அப்படியே. நோயாளி வேண்டாம் என்று சொல்லி வைத்தியர் வேண்டும் என்றால் மட்டும் வைத்தியர் பக்கம். வலியால் குழம்பியவர் தன் தேவையை மறைத்துச் சொல்லக்கூடும் என்று அந்த ஆசான்களுக்குத் தெரிந்திருந்தது. கஷ்டம் என்று சொல்கிறவரை நம்பு, ஒன்றுமில்லை என்று சொல்கிறவரை இன்னும் ஒரு முறை பார் என்று இரு பக்கமும் வேறு வேறு அளவுகோல். வீட்டுக்குள் எடை குறைந்துகொண்டே போகும் மகன் "ஒண்ணுமில்லைம்மா" என்று சொல்லும்போது, வாசலில் ரத்தசோகையோடு மருமகள் நிற்கும்போது, இந்த அளவுகோல் எங்கேயும் பொருந்தும்.

மற்ற சமயங்களும் தங்கள் வழியில் இடம் விட்டிருக்கின்றன. ரமலான் நோன்பைக் கட்டாயமாக்கிய அதே குர்ஆன் வசனம், நோயுற்றவர் வேறு நாட்களில் ஈடுசெய்துகொள்ளலாம் என்கிறது. உடலிலிருந்து இடைவிடாமல் கசிவு இருப்பவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக ஒளூ (தொழுகைக்கு முன் செய்யும் கழுவல்) செய்துகொண்டு தொழலாம் என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்திருப்பதால், பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை பொருத்தியவரும் தொழுகையை விட வேண்டியதில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் கத்தோலிக்க விதி நோயாளியைக் கட்டுப்படுத்தாது. பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் இல்லை என்று யேசு சொன்ன பதில் யோவான் நற்செய்தியில் இருக்கிறது. யோராமின் கதை இருக்கும் அதே விவிலியம்தான்.

இவ்வளவு இடம் நூல்களில் இருக்க, வழிபாட்டு இடங்களில்தான் இல்லை. பெரிய கோயில்களின் தரிசன வரிசையில் கம்பித் தடுப்புக்குள் மூன்று மணி நேரம் நிற்கும் ஒரு கொலைட்டிஸ் நோயாளி நடுவில் வெளியேற வழி கிடையாது. வெளியேறினால் இடம் போய்விடும். கழிப்பறை எங்கே என்று தெரியாத ஊருக்கே போவதில்லை என்று பலர் முடிவெடுத்து, திருவிழாக்களையும் பாதயாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடையில் பொதுக் கழிப்பறை இல்லாவிட்டாலும், இப்படிப்பட்ட நோய் உள்ள வாடிக்கையாளருக்குப் பணியாளர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்றது. கிரோன் நோய் கண்ட 14 வயதுப் பெண்ணுக்குக் கடையில் இடம் மறுக்கப்பட்டதிலிருந்து பிறந்த சட்டம் அது. பிரிட்டனிலும் வேறு நாடுகளிலும் நோயாளிகள் 'காத்திருக்க முடியாது' என்ற பொருளில் ஒரு சிறு அட்டையைக் கையில் வைத்திருக்கிறார்கள். நீட்டினால் போதும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஓர் அட்டையை அறநிலையத் துறையும் வக்ஃபு வாரியமும் திருச்சபைகளும் ஏற்றுக்கொள்ளலாம். வரிசையில் நூறு அடிக்கு ஒரு வெளியேறும் கதவு, திரும்பி வந்தால் அதே இடம், என்ன நோய் என்று நாலு பேர் கேட்கும்படி விசாரிக்காத காவலர். இதற்குப் பெரிய செலவு ஆகாது.